வன்தட்டும் வாயிற்காவலும்

மக்கள் தாம் அரிதின் ஈட்டிய பொருளைப் பிறர் கவராவண்ணம் காத்தற்பொருட்டுக் கதவு கண்டனர். கதவிற்குத் தாழ் கண்டனர். தாழிற்குப் பூட்டும் திறவுகோலும் கண்டனர். காவல் இன்றேல் பொருள் நில்லாது. ஆயினும், அக்காவலே சில வேளைகளில் உடையவனை அவன் இல்லத்திற்கு வெளியே நிறுத்திவிடுதலும் உண்டு. திறவுகோலை இழந்தவன் தன் வீட்டு முற்றத்திலேயே அயலான் ஆகின்றான். இந்நிலை செங்கல்லாலும் மரத்தாலும் ஆகிய வீட்டிற்கு மட்டும் உரியதன்று. இக்காலத்து நாம் நம் அறிவுச் செல்வத்தை எல்லாம் இட்டுவைக்கும் கணினிப் பேழைகளுக்கும் உரியதே. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்று கடைத்தெருவில் வழங்கும் புற வன்தட்டு அத்தகைய பேழைகளுள் ஒன்று. அதனை ஒரு கணினியினின்று கழற்றி மற்றொரு கணினியில் இணைக்குங்கால், இக்கோப்பினைத் திறக்க நுமக்கு இசைவு இல்லை என்னும் மறுமொழி திரையில் தோன்றி நம்மைத் திகைக்க வைக்கின்றது. இம்மறுப்பு யாது, யாண்டுப் பிறந்தது, எங்ஙனம் தீர்வது என்பனவற்றை என் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வான் ஒருவன் பொறிநூற் செய்தி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் கூறல் வேண்டும். எம் வகுப்பு மாணவரும் எமக்கு முன் பயின்றோரும், ஆசிரியர் ஏவ, விடுமுறை நாட்களில் ஊர்தோறும் சென்று, முதிய தாய்மார் பாடிய தாலாட்டுக்களையும் நடவுப் பாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் ஒலிப்பதிவு செய்து வன்தட்டு ஒன்றில் தொகுத்து வந்தனர். சென்ற ஆண்டு அத்தட்டு இணைந்திருந்த கணினி பழுதுற்றது. தட்டினை வேறொரு கணினியில் இணைத்தபோது சில கோப்புறைகள் திறந்தன. பல திறக்க மறுத்தன. பழுது பார்ப்பார் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் சிறிது நேரம் நோக்கி, தட்டுக் கெட்டுவிட்டது என்றும், ஃபார்மட் செய்தல் ஒன்றே வழி என்றும் கூறினார். ஃபார்மட் செய்தலாவது பேழையை வெறுமையாக்கிப் புதிதாக வகுத்தல். திறவுகோல் காணவில்லை என்பதற்காக வீட்டை இடித்துக் கட்டுவார் உளரோ? யாம் அதற்கு உடன்படாது மீண்டோம். தட்டுக் கெடவில்லை, பாட்டு ஒன்றேனும் அழியவில்லை, காவலன் நம்மை அறியாது நின்றான் என்பதே உண்மை எனப் பின்னர் உணர்ந்தோம். அதன் பின்னர் யானே ஒரு பிழை செய்தேன். அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

உரிமையும் இசைவும்

உரிமை என்பதனைத் தமிழ் இலக்கணம் கிழமை என்னும் பெயரால் ஆறாம் வேற்றுமைக்கண் வைத்து ஆராய்கின்றது. மாணவனது கை என்புழிக் கை அவனை விட்டு நீங்காதது. ஆகலின் அது தற்கிழமை. மாணவனது குடை என்புழிக் குடை அவனின் வேறாயது. விற்கவும் கொடுக்கவும் படுவது. ஆகலின் அது பிறிதின்கிழமை. கணினியில் ஒரு கோப்பிற்கும் அதனை உடையவனுக்கும் உள்ள தொடர்பு பிறிதின்கிழமையே ஆம். உடையவன் யார் என்பது கோப்பின் உள்ளே அதன் சொற்களோடு கலந்து எழுதப்படுவதன்று. தட்டிலுள்ள கோப்புக்களைப் பற்றிய குறிப்பேட்டில் அது தனியே எழுதப்படுகின்றது. குறிப்பேட்டில் பெயரை மாற்றினால் உரிமை மாறும். பாட்டில் ஓர் எழுத்தும் மாறாது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டார்க்குப் பாதி அச்சம் தீரும்.

உரிமையின் வேறாயது இசைவு. உரிமை, இஃது யாருடையது என்னும் வினாவிற்கு விடை. இசைவு, யார் யாது செய்யலாம் என்னும் வினாவிற்கு விடை. நூலகத்திலுள்ள நூல் கல்லூரிக்கு உரியது, எனினும் மாணவன் அதனைப் படிக்கலாம், அதில் எழுதலாகாது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே பலர் தீர்வு காணாது இடர்ப்படுகின்றனர்.

காவல் பிறந்த வரலாறு

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ராமாக் என்னும் கணினியோடு முதல் வன்தட்டினை வெளியிட்டனர். 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுக்களை அடுக்கிய அப்பெரும்பொறியில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று சட்டைப் பையில் அடங்கும் 2 டெராபைட் தட்டு, எழுத்துக் கணக்கால் அதனினும் ஏறக்குறைய 4 இலட்சம் மடங்கு கொள்ளும். அந்நாளில் ஒரு நேரத்தில் ஒருவர் வேலையே கணினியில் நடந்தமையின், ஒருவர் கோப்பினை மற்றொருவர் தொடுவார் என்னும் கவலை பெரிதாக எழவில்லை.

1961-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பாரும் அவர்தம் துணைவரும், ஒரே கணினியைப் பலர் ஒரே காலத்தில் பகிர்ந்து ஆளும் முறையைச் செய்து காட்டினர். ஒரே கூடத்திற் பலர் குடிபுகுந்தால் அறைதோறும் பூட்டு வேண்டுமன்றோ? ஆண்டே பயனர்தோறும் மறைச்சொல் வழங்கும் வழக்கம் வேரூன்றிற்று. 1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவர் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் மரபில் இக்காவல் ஓர் அழகிய ஒழுங்கு பெற்றது.

அவ்வொழுங்கு வருமாறு: ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவன், அவன் சார்ந்த குழு, ஏனையோர் என மூவகை மக்கள் உளர். ஒவ்வொரு வகையினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூவகை இசைவு உண்டு. படித்தற்கு 4, எழுதுதற்கு 2, இயக்குதற்கு 1 என மதிப்பு அளித்து, உள்ளவற்றைக் கூட்டி ஓர் எண்ணாக உரைப்பர். 644 எனின், உடையவன் படிக்கவும் எழுதவும் கூடும். குழுவினரும் ஏனையோரும் படிக்க மட்டும் கூடும். 700 எனின், உடையவனன்றிப் பிறர் எவரும் அணுகார். மூன்று இலக்கங்களில் ஒரு சட்டநூல் அடங்கிவிடுகின்றது!

கோப்புறைக்கு வருங்கால் இச்சொற்களின் பொருள் சிறிது திரியும். கோப்புறையைப் படித்தலாவது உள்ளிருப்பனவற்றின் பெயர்களைக் காணுதல். இயக்குதலாவது உள்ளே நுழைதல். எழுதுதலாவது உள்ளே ஒன்றைச் சேர்த்தலும் நீக்குதலும். ஒரு கோப்பினை அழித்தற்கு வேண்டுவது அக்கோப்பின்மேல் உள்ள இசைவன்று; அஃது இருக்கும் கோப்புறையின்மேல் எழுதும் இசைவே. பலரும் அறியாத இந்நுட்பத்தைப் பின்னர்க் கூறப்போகும் என் பிழையோடு சேர்த்துக் காண்க.

1993-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் விண்டோஸ் என்.டி. இயங்குதளத்தோடு என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையை வெளியிட்டனர். இதன்கண் மூவகையோடு நில்லாது, ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. இன்னார் படிக்கலாம், இன்னார் திருத்தலாம், இன்னார் தொடலாகாது எனப் பலர் பெயர்களையும் அதில் எழுதலாம். தாய்க் கோப்புறையின் பட்டியல் அதனுட் பிறக்கும் கோப்புக்களுக்கு வழிவழியாக வந்து சேரும்.

மறுப்பு எங்ஙனம் எழுகின்றது?

இனி, நம் இடர்ப்பாட்டின் வேரினைக் காண்போம். குறிப்பேட்டில் உடையவன் பெயர் எழுதப்படும் என மேலே கூறினேம். உண்மையில் ஆண்டு எழுதப்படுவது பெயரன்று; எண். பெயர் மக்கள் பொருட்டு. எண் பொறியின் பொருட்டு. எந்த எண் எவர்க்கு உரியது என்னும் அட்டவணை தட்டில் இல்லை, கணினியில் உள்ளது. தட்டு வேறு கணினிக்குச் செல்லுங்கால் எண் உடன் செல்கின்றது. அட்டவணையோ பழைய வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. இதுவே நோயின் முதல்.

விண்டோஸ் கணினி ஒவ்வொன்றும் தன் பயனர்க்கு மிக நீண்டதோர் அடையாள எண்ணை வழங்குகின்றது. அவ்வெண் கணினிக்குக் கணினி வேறுபடும். இரு கணினிகளிலும் ஒருவரே ஒரே பெயரோடும் ஒரே மறைச்சொல்லோடும் புகுந்தாலும், காவலன் கண்ணுக்கு அவர் இருவேறு மனிதரே. ஆதலின், செக்யூரிட்டி என்னும் பகுதியைத் திறந்து நோக்கின், பயனர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அறியப்படாத கணக்கு என்னும் குறிப்பும், எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்ட எண்ணும் காணப்படும். அவ்வெண் இறந்துபட்ட பழைய கணினியின் குடிமகனுடையது.

லினக்ஸ் கணினிகளில் இந்நிலை வேறோர் உருக்கொள்ளும். ஆண்டு முதற் பயனர்க்குப் பெரும்பாலும் 1000 என்னும் எண்ணே வழங்கப்படும். ஆகலின், என் கணினியில் 1000 யான். நும் கணினியில் 1000 நீவிர். என் தட்டினை நும்மிடம் தந்தால், அதிலுள்ள கோப்புக்கள் யாவும் நும்முடையனவே என்று நும் கணினி நம்பும். மேக் கணினியிலோ முதற் பயனர் எண் 501. ஆகலின் ஓரிடத்தில் உரியவன் மறுக்கப்படுதலும், மற்றோரிடத்தில் உரிமையில்லாதவன் ஏற்கப்படுதலும் நிகழ்கின்றன. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. எண் சென்றது, அதன் பொருள் செல்லவில்லை. உரையாசிரியர் மறைந்தபின் சுவடியில் எஞ்சிய குறியீட்டைப் போன்றது இவ்வெண்.

அற்றேல், ஒரே தட்டில் சில கோப்புறைகள் திறந்ததும் பல திறவாததும் என்னையெனின், கூறுதும். என்.டி.எஃப்.எஸ். தட்டில் ஒரு கோப்பினைப் படியெடுத்து வைத்தால், அப்படி தான் சென்று சேர்ந்த கோப்புறையின் பட்டியலை மேற்கொள்ளும். அதே தட்டினுள்ளே ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு நகர்த்தினாலோ, அது தன் பழைய பட்டியலையே சுமந்து செல்லும். எம் தட்டில் யாவரும் காணும் கோப்புறையில் பிறந்தவை திறந்தன. முன்னை மாணவர் ஒருவர் தம் ஒருவர்க்கே எனப் பூட்டியிருந்த கோப்புறையில் பிறந்து, பின்னர் நகர்த்தப்பட்டவை மறுத்தன.

ஒரே காய்ச்சல், பல நோய்

இசைவு மறுப்பு என்னும் குறி ஒன்றாயினும் அதன் காரணம் பலவாம். ஆதலின் மருந்து தேடுமுன் நோயினைப் பிரித்தறிதல் வேண்டும். முதற்கண் தட்டின் கோப்பு முறைமை யாதென நோக்குக. விண்டோஸில் தட்டின் பிராப்பர்ட்டீஸ் பகுதியைத் திறந்தால் அது தெரியும்.

ஃபேட்-32, எக்ஸ்-ஃபேட் என்னும் முறைமைகளில் உடையவனைக் குறிக்கும் இடமே இல்லை. 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்-ஃபேட் புற வன்தட்டுக்களிற் பெரிதும் வழங்குவது. இவற்றில் ஒருவர்க்கென ஒரு கோப்பினைப் பூட்டுதல் இயலாது. ஆகலின் மேற்கூறிய நோயும் வாராது. ஆயினும் லினக்ஸில் தலைமை நிர்வாகி ஒருவர் இத்தட்டினை இணைத்துவைத்தால், கோப்புக்கள் யாவும் அவருடையனவாகத் தோன்றிப் பிறர் எழுதுதலை மறுக்கக்கூடும். இந்நிலையில் உரிமையை மாற்றும் கட்டளை பயன்படாது. எழுதுதற்கு ஏடே இல்லாதபோது எதில் எழுதுவது? தட்டினை விடுவித்து, இன்ன பயனர்க்கு உரியதென்று கூறி மீண்டும் இணைத்தலே வழி.

இனி, என்.டி.எஃப்.எஸ். தட்டினை மேக் கணினியில் இணைத்தால் படிக்கலாம், எழுத முடியாது. இதுவும் இசைவின்மை போலத் தோன்றும்; உண்மையில் அவ்வியங்குதளம் அம்முறைமையில் எழுதும் கலையைத் தன்பால் கொள்ளவில்லை என்பதே பொருள். லினக்ஸிலும், விண்டோஸ் முற்றும் அணையாது துயில்நிலையில் விட்ட தட்டினை இணைத்தால், கேடு நேராவண்ணம் படிக்கமட்டும் இடந்தரும். விண்டோஸில் மீண்டும் இணைத்து, முறைப்படி கழற்றிக் கணினியை முழுதும் அணைத்துவரின் அக்குறை நீங்கும்.

தட்டு உண்மையாகவே நலிந்திருத்தலும் கூடும். டக் டக் என்னும் ஒலி எழுதல், கோப்புப் பெயர்கள் வருதற்கு நெடுநேரம் ஆதல், இணைப்பு இடையிடையே அறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்பொழுது இசைவினைத் திருத்த முயல்வது தவறு. ஒவ்வோர் எழுத்தும் தட்டினை மேலும் வருத்தும். இயன்றதனை முதலிற் படியெடுத்தலே கடன்.

இறுதியாக, மறையாக்கம். பிட்லாக்கர் முதலிய கருவிகளால் மறைக்கப்பட்ட தட்டிலுள்ளவை காவலில் உள்ளவை அல்ல, உருமாறி உள்ளவை. திறவெண் இன்றேல் நிர்வாகியாலும் படிக்க இயலாது. கோப்பின் உரிமையை நும்பெயர்க்கு மாற்றினாலும் பொருள் விளங்காது. அறியா மொழியில் எழுதிய ஏட்டை விலைகொடுத்து வாங்கியவன் அதனைப் படிக்க வல்லனோ?

தீர்க்கும் முறை

உரிமைச் சிக்கலே என்பது தெளிந்தபின் செய்வனவற்றைக் கூறுவேன். விண்டோஸில் நிர்வாகி ஆற்றலுள்ள கணக்கிற் புகுக. மறுக்கும் கோப்புறையின்மேல் வலப்பொத்தானை அழுத்திப் பிராப்பர்ட்டீஸ், அதனுள் செக்யூரிட்டி, அதனுள் அட்வான்ஸ்டு எனச் செல்க. ஓனர் என்னும் வரியருகே உள்ள சேஞ்ச் என்பதனை அழுத்திப் புதிய உடையவனைக் குறிக்க. உள்ளடங்கிய கோப்புறைகட்கும் கோப்புக்கட்கும் உடையவனை மாற்றுக என்னும் கட்டத்தில் குறியிட்டு முடிக்க. இது முதற்படி.

பலர் இங்கேயே நின்று, இன்னும் திறக்கவில்லையே என வருந்துவர். உரிமை வேறு, இசைவு வேறு என மேலே கூறியதனை நினைவுகூர்க. உடையவனாதலின் பயன் யாதெனின், பட்டியலைத் திருத்தும் ஆற்றல் கிடைத்தலே. ஆகலின் திறந்துள்ள சாளரங்களை மூடி மீண்டும் அதே பகுதிக்குச் சென்று, வேண்டிய பயனரைப் பட்டியலிற் சேர்த்து, அவர்க்குரிய இசைவினை வழங்கல் வேண்டும். இஃது இரண்டாம்படி. மறுப்புக் கூறும் வரி யாதேனும் பட்டியலில் வெளிப்படையாக இருப்பின் அதனையும் நோக்குக. ஒரே நிலையில் எழுதப்பட்ட மறுப்பும் ஏற்பும் முரணுமாயின் மறுப்பே வெல்லும். பல்லாயிரம் கோப்புக்கள் உள்ளவிடத்து டேக்ஓன், ஐகேக்கல்ஸ் என்னும் இரு கட்டளைகள் இவ்விரு படிகளையும் விரைந்து செய்யும்.

இங்கே ஒரு நுட்பம். உரிமையைத் தம் சொந்தப் பெயர்க்கு மாற்றின், அடுத்த கணினிக்குச் செல்லுங்கால் அதே இடர் மீண்டும் எழும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், யூசர்ஸ் என்னும் குழுக்களின் எண்களோ எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே. உரிமையை முன்னதற்கும், படிக்கும் இசைவினைப் பின்னதற்கும் வழங்கினால், தட்டு எங்குச் சென்றாலும் காவலன் அதனை அறிவான்.

லினக்ஸில் முதலில் கோப்பின் உடையவனை எண்ணாகக் காட்டுமாறு பணித்து, அவ்வெண் யாரது என அறிக. பின்னர் சேஞ்ச் ஓனர் என்பதன் குறுக்கமாகிய கட்டளையால் உரிமையையும், சேஞ்ச் மோட் என்பதன் குறுக்கமாகிய கட்டளையால் இசைவினையும் மாற்றலாம். இவற்றை உள்ளடங்கிய யாவற்றிற்கும் செலுத்துமுன் இடத்தின் பெயரை இருமுறை படிக்க. தட்டின் பெயரை விடுத்துக் கணினியின் வேர்க் கோப்புறையைச் சுட்டிவிட்டால் இயங்குதளமே நிலைகுலையும்.

மேக் கணினியில் அதற்குரிய முறைமையிலமைந்த புறத்தட்டாயின் இன்னும் எளிது. தட்டின்மேல் கெட் இன்ஃபோ என்பதனைத் திறந்து, அடியிலுள்ள பூட்டினை விடுவித்து, இத்தட்டில் உரிமையைப் பொருட்படுத்தற்க என்னும் கட்டத்தில் குறியிட்டால் போதும். குறிப்பேடு மாறாது, காவலன் மட்டும் அதனை நோக்காது விடுவான்.

அற்றேல், எவனோ ஒரு நிர்வாகி இத்துணை எளிதில் மாற்றக்கூடுமாயின் இக்காவலால் யாது பயன் எனின், நல்ல வினா. இசைவு என்பது தட்டு தானே காக்கும் காவலன்று. இயங்குதளம் மதித்து நடக்கும் சட்டமே ஆம். ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டு எல்லைக்குள்ளேயே ஆணை செலுத்தும். தட்டினைக் கவர்ந்து சென்றவன் தன் கணினியில் தானே அரசன். அவன் நம் பட்டியலை மதிக்கவேண்டுவதில்லை. லினக்ஸ் கணினியில் இணைக்குங்கால், என்.டி.எஃப்.எஸ். பட்டியல்களைப் பொருட்படுத்தாது யாவற்றையும் காட்டும் வழக்கம் உண்டு. யாம் எம் பாட்டுக்களை முதன்முதற் காணப்பெற்றது அவ்வழியாலேயே. ஆகலின் கள்வர்க்கு அஞ்சின் வேண்டுவது மறையாக்கம். உடன் உழைப்போரின் கைத்தவறுக்கு அஞ்சின் வேண்டுவது இசைவுக் காவல். இவ்விரண்டின் பயனும் வேறு வேறு.

என் பிழை

முன்னர்க் கூறுவேன் என்ற பிழையை ஈண்டுக் கூறுகின்றேன். கோப்புறைகள் திறந்த மகிழ்ச்சியில், இனி ஒருநாளும் இவ்விடர் வரலாகாது என்று எண்ணி, எவரிஒன் என்னும் வரிக்கு முழு ஆட்சியையும் தட்டு முழுவதற்கும் வழங்கிவிட்டேன். யாவர்க்கும் யாவும்! பெருந்தன்மை என்று அதற்குப் பெயரும் இட்டுக்கொண்டேன். பாட்டுக்களை வேறொரு தட்டிற் படியெடுக்கும் பணியை அடுத்த வாரம், அடுத்த வாரம் எனத் தள்ளிவைத்தேன்.

சில வாரங்கள் கழிந்தன. விழா ஒன்றின் அசைபடங்களை இட இடமின்றி நண்பர் ஒருவர், பழைய பெயருடைய கோப்புறை ஒன்றை வேண்டாதது எனக் கருதி நீக்கினார். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினார். அவ்விடத்தில் அசைபடங்களை நிறைத்தார். அவர்பால் குற்றமில்லை, தடுக்கவேண்டிய கதவினை யான் அன்றோ கழற்றி வைத்தேன்? அழிந்த கோப்பு தட்டில் உடனே மறைந்துபோவதில்லை. அவ்விடத்தின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வழி உண்டு. எம் திறத்திலோ மேலே எழுதப்பட்டு முடிந்துவிட்டது. இழந்தவை ஒன்பது பாட்டுக்கள். மீண்டும் ஊருக்குச் சென்று ஏழினைப் பாடச்செய்து பெற்றோம். எஞ்சிய இரண்டும் ஒரே மூதாட்டி பாடிய ஒப்பாரிகள். யாம் சென்றபோது அவர் வீட்டுத் திண்ணை வெறுமையாய் இருந்தது; அவர் இறந்து இரு திங்கள் ஆயின என்றனர். தம் கணவனை நினைந்து அவர் பாடியதனை இனி எவரும் கேட்கமாட்டார்.

அன்று ஒன்று தெளிந்தேன். எம்மை வெளியே நிறுத்திய பூட்டு ஒரு பாட்டினையும் அழிக்கவில்லை. யான் கழற்றிய பூட்டே இரண்டினை அழித்தது. 1975-ஆம் ஆண்டில் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இருவர் கணினிக் காவலைப் பற்றி எழுதிய பெயர்பெற்ற ஆராய்ச்சியில், ஒவ்வொருவர்க்கும் அவர்தம் வேலைக்கு இன்றியமையாத அளவு ஆற்றலே வழங்கல் வேண்டும் என்னும் நெறியை வகுத்துக் காட்டினர். பாட்டுக் கேட்பார்க்கு வேண்டுவது படிக்கும் இசைவே, அழிக்கும் இசைவன்று. அவ்வளவையே யான் வழங்கியிருப்பின் அம்மூதாட்டியின் குரல் இன்றும் ஒலிக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நண்பர்கள் மனங்கொள்ளத்தக்கன ஐந்து.

1. மறுப்புக் கண்டவுடன் ஃபார்மட் செய்தலை எண்ணற்க. மறுப்பு என்பது இழப்பன்று.

2. காரணத்தை முதலில் ஆய்க. கோப்பு முறைமை, உரிமை, துயில்நிலை, தட்டின் நலிவு, மறையாக்கம் என்னும் ஐந்தனுள் யாதென அறிந்தபின்னரே கைவைக்க.

3. எவ்வாற்றானும் படிக்க முடிந்த அக்கணமே வேறொரு தட்டிற் படியெடுக்க. திருத்துதல் அதன் பின்னர்.

4. பல கணினிகளுக்கும் செல்லும் தட்டாயின் எக்ஸ்-ஃபேட் எளிது. அரிய பொருளைக் காத்துவைக்கும் தட்டாயின் உரிமையைக் குறிக்கும் முறைமையே தக்கது.

5. எழுதும் இசைவினைச் சிலர்க்கும், படிக்கும் இசைவினைப் பலர்க்கும் வழங்குக. யார்க்கு எது என்பதனை ஒரு தாளில் எழுதித் துறையில் வைக்க. பட்டம் பெற்றுச் செல்லும் மாணவன் திறவுகோலைத் தன்னோடு கொண்டுசெல்லலாகாது.

திருமறை நம்மை உடையவர்கள் என்று கூறாது உக்கிராணக்காரர் என்றே கூறுகின்றது. உக்கிராணக்காரனிடம் கேட்கப்படும் வினா, பொருள் உன்னுடையதா என்பதன்று. ஒப்புவித்ததனை எங்ஙனம் காத்தாய் என்பதே. எம் தட்டிலுள்ள பாட்டுக்கள் எம்முடையன அல்ல, துறையினுடையனவும் அல்ல. நடவு வயலிலும் தொட்டிலருகிலும் அவற்றைப் பாடிய தாய்மாருடையவை அவை. எம் பெயர் உடையவன் என்னும் வரியில் எழுதப்பட்டிருப்பது காத்தற்பொருட்டே என்பதனை அறிந்து, எஞ்சியவற்றை இப்பொழுது மூன்று தட்டுக்களில், மூன்று இடங்களில் வைத்திருக்கின்றோம். அவற்றுள் எதனைத் திறந்தாலும் எவரும் கேட்கலாம். எளிதில் எவரும் அழிக்க ஒண்ணாது.